மூவாயிரத்து எழுநூற்றுப் பதினோராம் ஆண்டு

எனக்குப் பத்து வயதானபோது பத்தொன்பது குடும்பங்களை நான் ஊரைவிட்டுத் துரத்தினேன். கையில் தடியோ தீவட்டியோ இல்லை, ஒரு மைப்பேனாதான் இருந்தது. எழுத்து மணிமணியாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அதில் பொய்யில்லை. இன்றைக்கும் என் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள். ராஜகிரியில் ஏறி மூச்சு வாங்குவார்கள், கல்யாண மகாலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பஸ் ஏறிப் போய்விடுவார்கள். போகிற வழியில், ரோட்டை ஒட்டிய ஒரு பாறைக் குன்றின் அடியில் பத்தொன்பது குடிசைகள் இருந்ததை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்கும்படியாக அங்கே ஒன்றும் இல்லை. ஆண்கள் கல் உடைக்கவும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கவும் போனார்கள். பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார்கள். சீத்தாப்பழக் காலத்தில் என் அம்மா மலைச்சரிவில் பறித்த பழத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் காலனியில் ஒருவருக்கும் ஒரு குழி நிலம் சொந்தமில்லை. குடிசை இருந்த இடமும் புறம்போக்குதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், ஊரெல்லாம் அரிசிக்கு அலைந்துகொண்டிருந்த சமயத்தில், எங்கள் குன்றடியில் பெரிய தானியக் கிடங்கு ஒன்று கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பேச்சுக்குப் பின்னாலேயே ஒரு பியூன் வந்து குடிசைக்கு ஒன்றாக விண்ணப்பப் பாரம் கொடுத்துவிட்டுப் போனார். இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆனால் நெடுங்காலமாகக் குடியிருப்பவர்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று சென்ட் மனை, பட்டாவோடு கிடைக்கும். பட்டா என்ற சொல்லை அதுவரை எங்கள் ஆட்கள் அடுத்தவர் நிலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

பாரத்தில் நாலே கேள்விகள். பெயர், தகப்பன் பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஆண்டு முதல் குடியிருப்பு. நாலாவது கேள்விக்கு எதிரே ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு வருடத்தை எழுத வேண்டும்.

காலனியிலேயே ஐந்தாம் வகுப்புவரை எட்டியிருந்தவள் நான் ஒருத்திதான். பாரத்தை நான்தான் உரக்கப் படித்தேன். முதல் மூன்று கேள்விக்கும் பதில் சடசடவென்று வந்தது. நாலாவதை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னார்கள்.

"எந்த வருசம்னு இன்னாத்த சொல்றது? எங்க நைனாவும் இங்கதான் பொறந்தாரு, அவுரு நைனாவும் இங்கதான் பொறந்தாரு" என்றார் பக்கத்துக் குடிசைக்காரர்.

அப்போது என் நைனா எழுந்து நின்றார். எழுந்து, காலனி முகப்பில் இருந்த வேடியப்பன் மேல் கையை வைத்தார்.

வேடியப்பன் என்பது மார்பளவு உயரத்தில் நட்டிருந்த ஒரு பலகைக் கல். அதில் வில்லும் கையுமாக ஓர் ஆள் செதுக்கப்பட்டிருந்தான். அவன் தலைக்கு மேலே கீறல் கீறலாக ஏதோ இருக்கும். கரையான் அரித்த தடம் என்று அம்மா சொல்லுவாள். ஆடி மாதம் அவனுக்குப் பொங்கல் வைத்துக் கோழி அறுப்பது எங்கள் வழக்கம். முந்தின வருடம் கண்ணாடி போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து அந்தக் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, மையைத் தட்டிப் படி எடுத்துக்கொண்டு போனார். கல்லில் உள்ள பழைய எழுத்தைப் படிப்பதுதான் அவர் வேலையாம். நைனா அவருக்குத் தண்ணீர் சுமந்தார். அது கரையான் தடம் இல்லை, எழுத்து என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பல்லவ ராஜா பட்டத்துக்கு வந்த இருபதாவது ஆண்டில், களவு போன மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்து விழுந்த ஒரு சேவகனுக்காக நட்ட கல் என்று அவர் படித்துச் சொன்னார். விழுந்தவன் பெயரையும் படித்தார். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

"இது நட்டு எத்தினி வருசம் ஆவுது சாமி?" என்று நைனா கேட்டதற்கு, "கி.பி. அறுநூற்றுப் பத்து வாக்கில் இருக்கலாம், சுமாரான கணக்குதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த நாலு சீத்தாப்பழத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர்க்காரர் என்றுகூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

"நம்மாளுதான் மாடு மேய்ச்சிருப்பான், நம்மாளுதான் அத்த மீட்டுக்கினு வரப் போயி செத்திருப்பான்" என்றார் நைனா. "பண்ணைக்காரனா போயி சாவான்? அப்ப அறுநூத்திப் பத்துலயே நாம இங்க இருக்கறோம். சர்க்காரு எப்ப வந்துது? நேத்து வந்துது."

எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. ஒரு குழி நிலம் இல்லாதவர்களுக்குத் திடீரென்று ஆயிரத்து முந்நூறு வருடம் கிடைத்தால் எப்படி இருக்கும்? ஆண்கள் ஆளுக்கொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அவனவன் பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் கல்லில் இருப்பவன்தான் என்று வாதாடத் தொடங்கினார்கள்.

நைனா இதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவருக்கு உலகத்தைப் பற்றி ஒரு தெளிவான கருத்து இருந்தது. யாரிடம் வேலைக்குப் போனாலும் அவரவர் முறையில் பேசுவார். ரெட்டியார் களத்தில் கும்பிடு. மசூதித் தெருவில் சலாம். கிறிஸ்தவர்கள் ஊரில் பங்குச் சாமியாரைப் பார்த்தால் தோத்திரம். அடுத்தவர் முறையில் பேசாமல் அடுத்தவர் வாசலில் கூலி வாங்கமுடியாது என்பதை அவர் சின்ன வயதிலேயே கற்றிருந்தார். வருடத்துக்கும் அதே விதிதான் இருக்கும் என்று நினைத்தார்.

"ஆபீசரு இன்னா ஆளுன்னு தெரியாது" என்று அம்மாவுக்கு விளக்கினார். "கி.பி.ன்றது வெள்ளக்காரன் கணக்கு. ஐயரா இருந்தா ஐயரு கணக்குல கேப்பாரு. பாயா இருந்தா பாய் கணக்குல கேப்பாரு. எல்லாத்தயும் வாங்கி மடியில வெச்சிக்கினா எந்தப் பக்கம் கேட்டாலும் சொல்லிடலாம்."

மறுநாள் கல் உடைக்கப் போகாமல், வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டார். பொட்டலம் கட்டிய காகிதம் ஒன்றும் பென்சிலும் என்னிடம் இருந்தன.

முதலில் கோயில் தெருவில் பஞ்சாங்கம் பார்க்கும் ஐயர் வீட்டுக்குப் போனோம். நைனா தெருவிலேயே நின்றுகொண்டார். நானும் நின்றேன். ஐயர் வாசற்படியில் நின்று விஷயத்தைக் கேட்டார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. கண்ணை மூடி விரல்விட்டு எண்ணினார்.

"எழுபத்தெட்டைக் கழிச்சா சாலிவாகன சகம் ஐந்நூற்று முப்பத்திரண்டு" என்று அங்கிருந்தே உரக்கச் சொன்னார். "கலியுகம் பிறந்ததிலேர்ந்து எண்ணினா மூவாயிரத்து எழுநூற்றுப் பதினொண்ணு. அந்த வருஷத்துக்குப் பேரு பிரமோதூத."

நைனாவின் முகம் அப்படியே விரிந்தது. "நான் பொறந்ததும் பிரமோதூததான் சாமி."

"அறுபது வருஷத்துக்கு ஒருதரம் அதே பேரு திரும்பி வரும்ப்பா. அது வேற, இது வேற."

"திரும்பித் திரும்பி வருதா? நாங்களும் அதே எடத்துலதான் சாமி இருக்கறோம்" என்றார் நைனா.

நான் தெருவில் குந்தி, முழங்காலில் காகிதத்தை வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுத எழுத நைனா உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்த எண் அவரைவிட்டுப் போகாது.

அங்கிருந்து பைண்டிங் கடை பாயிடம் போனோம். பள்ளிக்கூட நோட்டும் கடைக்காரர்களின் பேரேடும் அவர்தான் தைத்துக் கொடுப்பார். அவர் எங்களை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நைனா உட்காரவில்லை. பாய் பசை ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அறுநூத்திப் பத்தா? எங்க ஹிஜ்ரி ஆரம்பிக்கவே அப்ப இன்னும் பன்னெண்டு வருசம் இருக்குதே. நாங்க சந்திரன வெச்சி எண்றவங்க, அந்தக் கணக்குல பாத்தா இன்னும் கொஞ்சம் கூடவே வரும். அந்த வருசத்துக்கு எங்க கிட்ட நம்பரே இல்லம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நைனா குழம்பிப்போனார். ஒரு வருடம் ஒருவர் கணக்கில் மூவாயிரமாகவும் இன்னொருவர் கணக்கில் பிறக்காமலும் எப்படி இருக்க முடியும் என்று கேட்டார். "பயப்படாத, எல்லாம் ஒரே வருசந்தான்" என்றார் பாய். "ஒரே ஆள ஒருத்தர் மாமான்றான், ஒருத்தர் சித்தப்பான்றான். ஆளு மாறிட்டானா?"

அது நைனாவுக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் அந்த வருடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ராஜா கணக்கில் இருபது. வெள்ளைக்காரன் கணக்கில் அறுநூத்திப் பத்து. சகத்தில் ஐந்நூத்தி முப்பத்திரண்டு. கலியில் மூவாயிரத்து எழுநூத்திப் பதினொண்ணு. பேரு பிரமோதூத. பாய் கணக்கில் இன்னும் பொறக்கலை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், எனக்குச் சந்தில் நின்று பொரியுருண்டை வேறு வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பத்தொன்பது பாரமும் என் முன்னால் வந்து சேர்ந்தன. வேடியப்பனுக்கு முன்னால் கோணிப்பை விரித்து என்னை உட்கார வைத்தார்கள். பொம்பளைகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு சித்தி என் பின்னால் நின்று விசிறினாள். நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாலாவது கேள்விக்கு எல்லாத்தயும் எழுது பாப்பா. ஒண்ணு விடாத எழுது."

நான் முதல் பாரத்தை எடுத்துப் பார்த்தேன். கோடு ஒரு விரல்தான் இருந்தது. சிலேட்டில் அதே நீளத்துக்கு ஒரு கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். இருபதும் அறுநூற்றுப் பத்தும் எழுதியதுமே இடம் தீர்ந்துவிட்டது. இன்னும் பொடியாக எழுதினால் படிக்க முடியவில்லை. கோட்டுக்கு வெளியே எழுதலாமா என்று யோசித்தேன். பாரத்தின் அடியில் 'அடித்தல் திருத்தல் இருந்தால் ஏற்கப்படாது' என்று அச்சடித்திருந்தார்கள். கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று போடவில்லை, ஆனால் நல்லதாக ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் கோடு தாண்டினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும்.

கேட்டிருக்கலாம். "நைனா, இடம் பத்தலை, எதை எழுதட்டும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் படித்தவளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாழ்க்கையில் நான் செய்த பெரிய பாவம் அந்தச் சின்ன வெட்கம்தான்.

ஒன்றை எழுத வேண்டும் என்றால் எதை எழுதுவது? இருபது என்றால் கேவலமாக இருக்கும், என் சித்தப்பாவுக்கே இருபத்திரண்டு. பிரமோதூத எண்ணே இல்லை. ஐந்நூறும் அறுநூறும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை மாதிரி சாதாரணமாக இருந்தன. மூவாயிரத்து எழுநூற்றுப் பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததுமே மரியாதை வந்தது. வயதில் மூத்தவர்களுக்குத்தானே எண் பெரியதாக இருக்கும்? எண் பெரியதாக இருந்தால் நாங்கள் அவ்வளவு மூத்தவர்கள். எல்லாம் ஒரே வருடம்தான் என்று பாயே சொல்லியிருந்தார். அப்படியானால் எதை எழுதினாலும் தப்பில்லை.

நாலு இலக்கமும் கோட்டின் மேல் கச்சிதமாகப் பொருந்தின. 3711. முதல் பாரத்தில் மூன்றின் வயிறு கொஞ்சம் சப்பையாக இருந்தது. ஐந்தாவது பாரத்துக்குள் கை பழகிவிட்டது. பத்தொன்பதாவதில் அது அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது.

"எழுதிட்டியா? எல்லாத்தயும் எழுதிட்டியா?" என்று கேட்டார் நைனா.

"எழுதிட்டேன் நைனா" என்றேன்.

ஒரு மாதம் கழித்து விசாரணை. டவுனில் ஒரு ஓட்டுக் கட்டடத்தின் வராந்தாவில் எங்களை உட்கார வைத்தார்கள். ரோட்டுக்குத் தெற்கே இருந்த இன்னொரு காலனிக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு டீக்கடைக்காரர் ஒருவர் பாரம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர்களை முதலில் கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். நைனா முன்னால் போனார். நான் அவர் வேட்டியை ஒட்டி நின்றேன்.

ஆபீசர் வயதானவர், வேர்த்துக்கொண்டிருந்தார். அவர் ஐயரா, பாயா, கிறிஸ்தவரா என்று பார்த்து எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் பாரத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கட்டு முழுவதையும் சீட்டுக்கட்டு மாதிரி விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இப்ப என்ன வருஷம்?" என்று பக்கத்தில் இருந்த கிளார்க்கைக் கேட்டார்.

"அறுபத்தஞ்சு சார்."

"இவங்க மூவாயிரத்து எழுநூத்திப் பதினோராம் வருஷத்துலேர்ந்து குடியிருக்காங்களாம்." நைனாவைப் பார்த்தார். "அதுக்கு இன்னும் ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தாறு வருஷம் இருக்கேப்பா. அப்ப வா, பாக்கலாம்."

கிளார்க் சிரித்தார். வாசலில் நின்ற பியூன் சிரித்தார். என்ன என்று தெரியாமலே எங்கள் ஆட்களில் இரண்டு பேரும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

நைனா என்னைக் குனிந்து பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தார். "அது கலி கணக்குங்க சாமி. ராஜா கணக்குல இருவது. வெள்ளக்காரன் கணக்குல அறுநூத்திப் பத்து. சகத்துல ஐந்நூத்தி முப்பத்திரண்டு. பேரு பிரமோதூத. பாய் கணக்குல இன்னும் பொறக்கல."

"ஒரு கேள்விக்கு எத்தனை பதில்யா சொல்லுவ?"

"எல்லாம் ஒரே வருசங்க சாமி."

"உண்மை பேசறவன் ஒண்ணு சொல்லுவான். பொய் பேசறவன்தான் ஆறு சொல்லுவான். பத்தொன்பது பாரத்துலயும் ஒரே கை, ஒரே பொய். யார் எழுதினது இது?"

நான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நைனாவின் கை என் தலைமேல் வந்து அழுத்தியது. "நான்தான் எழுதச் சொன்னேன் சாமி" என்றார். "கல்லு இருக்குது சாமி. ஒருவாட்டி வந்து பாருங்க."

ஆபீசர் சிவப்பு மையைத் தொட்டு முதல் பாரத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு ஒரு விரலைவிட நீளமாக இருந்தது. பத்தொன்பது பாரத்துக்கும் அப்படியே இழுத்தார். அவசரப்படவே இல்லை.

வெளியே வந்ததும் தெற்குக் காலனிக்காரர்களிடம் எங்கள் ஆட்கள் விசாரித்தார்கள். அவர்கள் பாரத்தில் 1938 என்றும் 1941 என்றும் எழுதியிருந்தார்களாம். எல்லோருக்கும் மனை உண்டு என்று சொல்லிவிட்டார்களாம். இருபத்தைந்து வருடம் போதுமாக இருந்திருக்கிறது. அவ்வளவு கொஞ்சத்தை யாராவது கணக்கில் எடுப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பின்னாளில் படித்து, வாத்தியாரம்மா ஆகி, எத்தனையோ பாரங்களை நிரப்பிவிட்டேன். நான் அன்று அறுநூற்றுப் பத்து என்று எழுதியிருந்தாலும் அவர்கள் சிரித்துத்தான் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆறுதல் வருவதில்லை. 1941 என்று எழுதியிருக்கலாம். அது கோட்டின் மேல் அதே மாதிரி கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

திரும்பி நடக்கும்போது நைனா எனக்கு முன்னால் போனார். பாதி வழியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஏன் பாப்பா அந்த ஒண்ண எழுதின?"

"அதுதான் நைனா பெருசு."

"ஆமா, பெருசுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. ஊரில் இருக்கிற எல்லார் வருடத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்து குடியைக் கெடுத்தான் என்றார்கள். அம்மாவும்தான் சொன்னாள். "ஆறு வருசத்த வாங்கிக்கினு வந்தாரு துரை. ஒரு வருசம்கூட வெலைக்குப் போவல" என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். நான் ஒரே ஒரு வருடத்தைத்தான் எழுதினேன் என்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நைனா வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாயைத் திறக்கத் தைரியமில்லை.

ஒன்பது நாள் கெடு கொடுத்தார்கள். கூரையைப் பிரித்து மூங்கிலைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஏழெட்டுக் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயின. விசிறிய சித்தி அங்கேதான் சாரத்திலிருந்து விழுந்து செத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியாது. நாங்கள் ஏழு மைல் தள்ளி ஒரு ஏரிக்கரை மேட்டில் குடிசை போட்டோம். ஐப்பசியில் ஏரி நிறைந்தபோது அடுப்புவரை தண்ணீர் வந்தது.

கிடங்கைக் கட்டினார்கள். வேடியப்பனைத் தூக்க உள்ளூர்க்காரர் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பதால் வெளியூர் ஆட்களைக் கொண்டு பெயர்த்து, வாசல் வாய்க்காலுக்குக் குறுக்கே முகம் குப்புறப் போட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அதன் மேல் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். கொஞ்ச நாளில் நைனா அங்கே மூட்டை தூக்கப் போனார். செருப்பில்லாத கால்தான் என்றாலும், முதல் நாள் வாய்க்காலை அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாராம். மேஸ்திரி கத்தினாராம். இரண்டாம் நாளிலிருந்து மிதித்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் என்னை ஏரிக்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனார். பழைய பள்ளிக்கூடத்துச் சீட்டு மழையில் நனைந்து கரைந்துபோயிருந்தது. ஹெட்மாஸ்டர் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து, பேனாவை உதறிக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு எந்த வருசம்பா பொறந்துது?"

நைனாவுக்குத் தெரியும். நான் பிறந்தது ஜய வருடம், தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தபோது ஆள் வந்து சொன்னதை எத்தனையோ தடவை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு தடவை காதில் விழுந்தது அவரைவிட்டுப் போகாது. அவர் சொல்லப்போகிறார் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்களே ஏதாவது ஒண்ணு போட்டுக்குங்க சாமி" என்றார் நைனா. "எதுவா இருந்தா இன்னா."

ஹெட்மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 1956 என்று போட்டார். அந்த வருடத்தை வைத்துத்தான் பிறகு வேலைக்குச் சேர்ந்தேன், ரிட்டையரும் ஆனேன்.

வெளியே வந்ததும் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுத்தைப் பற்றி, பாரத்தைப் பற்றி, அவர் அந்த வருடம் முழுவதும் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதனால் நைனா என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு ஒரு மனிதனிடம் இன்னும் ஏதாவது ஆசை மிச்சமிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு வயது குறைந்துவிட்ட சந்தோஷத்தில் வீடுவரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன்.